பதினான்காம் குழிக்கு ஐந்து

3 ஜூலை 2025, வியாழக்கிழமை, காலை 6.10
பதிவு எண் 184

(எண் என்பது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. இடையில் எண் விடுபட்டால் அன்று எழுதவில்லை என்று பொருள்.)

நேற்று முற்பகல் 11.40க்குத் தபால்காரர் கொடுத்த கடிதத்தை இன்று மூன்றாம் முறையாக வாசித்தேன். வரும் நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, தொழில்முறை கோல்ஃப் சங்கம் சென்னையில் நடத்தும் விழாவில் வாழ்நாள் சாதனையாளர் பலகையில் என் பெயரைப் பொறிக்கப் போகிறார்களாம். ரெங்கராஜ், பொன்னமராவதி, வென்ற பட்டங்கள் 14. ஒவ்வொரு பட்டத்துக்கும் தேதி, இடம், நான்கு நாள் அடிக்கணக்கு ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்டு ஆகஸ்ட் 8க்குள் அனுப்ப வேண்டும்.

சங்கத்தில் இதைக் கவனிக்கும் சரண்யா என்ற பெண் நேற்று மாலையே தொலைபேசினார். “பழசெல்லாம் எங்ககிட்ட சரியா இல்ல சார். நீங்க எழுதிக் குடுக்குறதுதான் ரெக்கார்டு” என்றார். பொறுப்பு மிகுந்த வாக்கியம். அவர் அதை உணர்ந்து சொன்னதாகத் தெரியவில்லை.

அழகம்மாளிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நாற்பத்து மூன்று ஆண்டு மனைவி. “நல்லதுதான். இங்கிட்டு யாரு கேட்டாலும் பந்து பொறுக்குற உத்தியோகம்னுதான் சொல்லி வச்சிருக்கேன். பெருசா சொன்னா எனக்கும் புரியல, அவுகளுக்கும் புரியல” என்றாள்.

5 ஜூலை 2025, சனிக்கிழமை, பிற்பகல் 3.25
பதிவு எண் 186

ஆட்ட நாட்குறிப்புகள் அனைத்தையும் ஆண்டுவாரியாக அடுக்கினேன். 1981 முதல் 2011 வரை முப்பத்தொன்று. நான் ஆடிய ஒவ்வொரு சுற்றும், என்னுடன் ஆடியவரின் சுற்றும், பதினெட்டுக் குழிகளும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. பெங்களூரில் பிறருடைய கோல்ஃப் மட்டைப் பையைக் கூலிக்குத் தூக்கிக்கொண்டு நடந்த காலத்தில் பழகிய வழக்கம். சொந்தமாக ஆடத் தொடங்கிய பின்னும் விடவில்லை.

முதல் பட்டத்தில் தொடங்கினேன். 12 பிப்ரவரி 1989, ஞாயிறு, பெங்களூர், தென்மண்டலக் கோப்பை. என் கணக்கு 70, 69, 71, 71, மொத்தம் 281. பட்டியலில் எழுதியாயிற்று.

பிறகு அதே பக்கத்தில் வலப்புறம் பார்த்தேன். அன்று என்னுடன் ஆடிய ஆரோக்கியதாஸின் வரிசை. பதினான்காம் குழி: 5.

ஐந்து.

நான்கு என்றல்லவா இத்தனை ஆண்டுகள்—

6 ஜூலை 2025, ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50
பதிவு எண் 187

நிதானமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆட்டத்தில் ஒருவர் தன் அடிக்கணக்கைத் தானே எழுதுவதில்லை. உடன் ஆடுபவர் எழுதுவார். ஆட்டம் முடிந்ததும் எழுதியவர் கையொப்பமிட்டு அட்டையை ஆட்டக்காரரிடம் கொடுப்பார். அவர் ஒவ்வொரு குழியாகச் சரிபார்த்துத் தாமும் கையொப்பமிட்டுப் போட்டி நடத்துவோரின் மேசையில் ஒப்படைப்பார். உண்மையில் அடித்ததைவிட ஒரு குழிக்கேனும் குறைவாக எழுதப்பட்ட அட்டையில் கையொப்பமிட்டால் தகுதி நீக்கம். எழுதியது யாராயினும் பழி கையொப்பமிட்ட ஆட்டக்காரருக்கே.

ஆரோக்கியதாஸ் மணமேல்குடிக்காரர். ஒரே மாவட்டத்தார் என்பதால் பெங்களூரில் ஒரே அறையில் ஏழு ஆண்டுகள் இருந்தோம். கடைசி நாளான அந்த ஞாயிறன்று அவருடைய அட்டை என் கையில். காலையில் என்னைவிட மூன்று அடி பின்தங்கி இருந்தவர், அன்று ஆடிய ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பதினான்காம் குழியில் மட்டும் இரண்டடித் தூரத்தில் இருந்து தட்டிய பந்து குழியின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி வெளியே நின்றது. மறுபடி தட்டி உள்ளே இட்டார். ஐந்து. நான் அட்டையில் நான்கு என்று எழுதியிருந்தேன். அவர் பார்க்காமல் கையொப்பமிட்டார். அக்குழியருகே நின்ற நடுவரின் குறிப்பில் ஐந்து இருந்தது. ஆரோக்கியதாஸ் நீக்கப்பட்டார்.

அடி குறைந்தவரே வெல்லும் ஆட்டம் இது. நான்கு நாளும் சேர்த்து அவரது உண்மைக் கணக்கு 280, எனது 281. ஓர் அடியில் அவர் வென்றிருக்க வேண்டிய கோப்பை எனக்கு வந்தது. அதன் பிறகே எனக்கு ஆதரவு நிறுவனம் கிடைத்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஆடினேன். இன்னும் பதின்மூன்று பட்டங்கள். அவர் மறு ஆண்டே ஆட்டத்தை விட்டார். அடியை மறைத்தவர் என்று பேச்சு கிளம்பிவிட்டது.

அவர் நான்கு என்று என்னிடம் சொன்னார், நான் எழுதினேன் — முப்பத்தாறு ஆண்டுகளாக என் நினைவு இதுதான். ஆனால் அன்றிரவு என் நாட்குறிப்பில், என் கையெழுத்தில், ஐந்து.

கவனப்பிசகு. ஆட்ட மும்முரத்தில் கை தவறியிருக்கும். மனிதர்க்கு நேரக்கூடியதே.

9 ஜூலை 2025, புதன்கிழமை, காலை 9.15
பதிவு எண் 190

அழகம்மாளிடம் சொன்னேன். கவனப்பிசகு என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

“பால் பாக்கெட்டுல தேதி பாக்காம வாங்க மாட்டீக. கரண்டு பில்ல மூணு தடவ படிப்பீக. நம்ம கல்யாணப் பத்திரிகையில கிழமை தப்புன்னு அச்சாபீசுக்கே போயி சண்டை போட்ட ஆளு. அன்னிக்கு மட்டும் அட்டையப் பாக்காமயா குடுத்தீக?”

நடக்கப் போனேன். வழக்கமான 40 நிமிடம் இன்று 75 ஆயிற்று.

10 ஜூலை 2025, வியாழக்கிழமை, காலை 6.00
பதிவு எண் 191

எழுத எதுவும் இல்லை.

11 ஜூலை 2025, வெள்ளிக்கிழமை, காலை 4.40
பதிவு எண் 192

பார்த்தேன்.

எழுதும்போது கை தவறியது, அது மெய். கொடுக்கும் முன் வழக்கப்படி மேலிருந்து கீழாக விரல் வைத்துச் சரிபார்த்தேன், அதுவும் மெய். விரல் பதினான்கில் நின்றது. பென்சில் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. ஏன்டா எடுக்கல? ஒரு கோடு. நாலை அடிச்சு அஞ்சு. அதுக்கு எவ்வளவு நேரமாகும்? அவர் எப்படியும் சரிபார்ப்பார், அவரே திருத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தேனா? இல்லை, திருத்தாமல் போகட்டும் என்று நினைத்தேனா? இரண்டையும் ஒரே கணத்தில் நினைக்க முடியும் என்பது எழுபது வயதில் தெரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மேசையில் இருந்தவர்கள் என்னைக் கேட்டார்கள். “அவர் சொன்னதைத்தான் எழுதினேன்” என்றேன். ஆரோக்கியதாஸ் பக்கத்தில் நின்றார். அவர் எதுவுமே சொல்லியிருக்கவில்லை. அடியை மறைத்தவர் என்ற பேச்சு அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

14 ஜூலை 2025, திங்கட்கிழமை, முற்பகல் 11.05
பதிவு எண் 195

விதியைச் சரிபார்க்கச் சரண்யாவை அழைத்தேன். புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்: “போட்டி முடிஞ்சப்புறம் ரிசல்ட்ட மாத்த முடியாது சார். ஒரே ஒரு விதிவிலக்கு, தெரிஞ்சே பண்ணியிருந்தா. தெரிஞ்சு தப்பான அட்டையில கையெழுத்துப் போட்டா, எழுதிக் குடுத்தவரும் டிஸ்குவாலிஃபைட். யாரு கேஸு சார் இது?”

“எனக்கு வேண்டிய ஒருவருடையது” என்றேன்.

ஆக, விதி கேட்பது ஒரே கேள்வி. தெரிந்ததா, தெரியாதா. அதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே சாட்சி நான். தெரியாது என்றால் பட்டங்கள் 14, நவம்பரில் பொன்னாடை. யாரும் எதிர்த்துப் பேசப் போவதில்லை.

அப்படியே விட்டுவிடலாமே என்று நேற்று முழுவதும் எண்ணினேன் என்பதையும் இங்கே குறிக்கிறேன்.

19 ஜூலை 2025, சனிக்கிழமை, மாலை 6.30
பதிவு எண் 200

காலை 5.50க்குப் பேருந்து. புதுக்கோட்டை, அறந்தாங்கி, மணமேல்குடி, 9.35க்கு இறங்கினேன். ஆரோக்கியதாஸ் வீடு என்று கேட்டதும், துபாய்க்குப் போய்வந்தவரா என்று காட்டினார்கள். உப்புப் பூத்த தரை. அதில் இரண்டு கட்டில் அகலத்துக்கு மட்டும் பச்சைப் புல், கத்தரித்து, சீவி, விரிப்புப் போல. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வாக்கியம்:

“யாரு, ரெங்கராசா? செருப்பக் கழட்டுய்யா. புல்லு.”

கழற்றினேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரை நிறுத்தினார்.

“தெரிஞ்சா எழுதுன?”

“எழுதும்போது தெரியாது. கொடுக்கும்போது தெரியும்.”

“நான் ஏன் பாக்காம கையெழுத்துப் போட்டேன் தெரியுமா? தீப்பெட்டி வாங்குனா குச்சிய எண்ணிப் பாக்குற ஆளு நீ. நீ எழுதுன அட்டைய நான் வேற சரிபாக்கணுமான்னு போட்டேன். வேற எவன் எழுதியிருந்தாலும் பாத்திருப்பேன்.”

இதை நான் எதிர்பார்த்துப் போகவில்லை. என் துல்லியத்தை நம்பித்தான் அவர் விழுந்தார். வாழ்நாள் முழுதும் நான் பெருமையாகச் சுமந்த ஒரே குணம்.

அவர் மகள் ரஞ்சிதா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “அப்பா துபாய்ல கோல்ஃப் மைதானத்துல பத்தொம்பது வருசம் புல்லு வெட்டுனாருன்னுதான் எங்களுக்குத் தெரியும். வெளாண்டேன்னு சொல்லுவாரு. நாங்க சிரிப்போம்” என்றார்.

கோப்பையைக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

“வச்சு? கருவாடு போடவா?” என்றார் ஆரோக்கியதாஸ். “பட்டம் எங்கிட்டுப் போனா எனக்கென்ன. கையெழுத்து என்னுது, நீக்கம்னா நீக்கம்தான். அன்னிக்கு நான் அடிச்ச அறுபத்தேழு இருக்குல்ல, அது எந்த ஏட்டுலயும் இல்லய்யா. ஆடாதவன் மாதிரி ஆக்கிட்டாங்க. அது வேணும். பெறகு, திருட்டுப் பயன்னு சொன்னாங்கல்ல, அது இல்லைன்னு நீ சொல்லணும். என் காதுல சொல்லாத. அவங்ககிட்டச் சொல்லு.”

மன்னிப்புக் கேட்டேன். குழாயைத் திறந்துகொண்டார். ரஞ்சிதா தண்ணீர் கொடுத்தார். 11.20 பேருந்துக்குத் திரும்பினேன்.

22 ஜூலை 2025, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 4.00
பதிவு எண் 203

புதிய அட்டை ஒன்றில் 12.2.1989 அன்று ஆரோக்கியதாஸ் ஆடிய சுற்றை நாட்குறிப்பிலிருந்து பெயர்த்தெழுதினேன். முதல் ஒன்பது குழிகள் 33. பின் ஒன்பது 34. மொத்தம் 67. எழுத எழுத ஒவ்வோர் அடியும் கண்முன் வந்தது. எட்டாம் குழியில் மணல் பள்ளத்திலிருந்து அவர் எடுத்த பந்துக்கு நான் என்னை மறந்து கை தட்டினேன். அதை எப்படி மறந்தேன்?

அழகம்மாள் எட்டிப் பார்த்தாள். “யாரு மார்க்கு இது?” என்றாள். ஆரோக்கியதாஸ் என்றேன். “பேரு எங்க?” என்றாள். பெயரை எழுத விட்டிருந்தேன். எழுதினேன்.

30 ஜூலை 2025, புதன்கிழமை, காலை 10.30
பதிவு எண் 211

வாக்குமூலம் நான்கு முறை கிழித்து ஐந்தாம் முறை முடிந்தது. முதல் நான்கிலும் ‘அன்றைய சூழ்நிலையில்’ என்ற தொடர் இருந்தது.

2 ஆகஸ்ட் 2025, சனிக்கிழமை, மாலை 7.00
பதிவு எண் 214

மீண்டும் மணமேல்குடி. அட்டையை நீட்டினேன். ஆரோக்கியதாஸ் மூக்குக் கண்ணாடியை எடுத்து வரச் சொன்னார்.

“படி.”

ஒவ்வொரு குழியாக வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடி, அந்தக் குழியை நடந்து முடித்துத் தலையசைத்தார். பதினான்கு என்றேன்.

“எத்தனை?”

“ஐந்து.”

“சத்தமா.”

“ஐந்து.”

கூட்டச் சொன்னார், கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டச் சொன்னார். பதினோரு நிமிடம் ஆயிற்று. ரஞ்சிதா தந்தையின் தோளுக்கு மேலாகப் பார்த்து, “அறுபத்தேழுன்னா கூடவாப்பா, கொறச்சலா?” என்றார்.

“இதுல கொறச்சல்தான் நல்லது. அன்னிக்கு எழுபத்தாறு பேரு ஆடுனோம். இதான் எல்லாத்துலயும் கொறச்சல்” என்றார். “இல்லையாய்யா?” என்று என்னைக் கேட்டார்.

“ஆமாம்” என்றேன்.

கையொப்பமிட்டார். அட்டையை உடனே என்னிடம் தரவில்லை. ரஞ்சிதாவிடம் கொடுத்துக் கைபேசியில் படம் எடுக்கச் சொன்னார், பெயரும் எண்ணும் தெளிவாக விழும்படி. அவருக்குத் திருப்தியாக மூன்று படங்கள் வேண்டியிருந்தன.

4 ஆகஸ்ட் 2025, திங்கட்கிழமை, முற்பகல் 11.50
பதிவு எண் 216

பொன்னமராவதி அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீது இந்தப் பக்கத்தில் ஒட்டப்பட்டுள்ளது. கடிதம் ஒரு பத்தி மட்டுமே. அதனுடன் இணைத்தவை:

1. வென்ற பட்டங்களின் பட்டியல், கையொப்பத்துடன், இரண்டு தாள்கள். மொத்தம் 13. முதல் வரியை நானே அடித்து, அருகில் தேதியிட்டுள்ளேன்.

2. ரெங்கராஜ் ஆகிய என் வாக்குமூலம், ஒரு தாள். அட்டையில் இருந்த பிழை எனக்குத் தெரியும் என்பதும், ஆரோக்கியதாஸ் எந்த எண்ணையும் என்னிடம் சொல்லவில்லை என்பதும்.

3. 12.2.1989 நாட்குறிப்புப் பக்கத்தின் நகல்.

4. தென்மண்டலக் கோப்பை, தனிப் பொதியாக. இனி அது யாருக்கு உரியது என்பதைச் சங்கம் முடிவு செய்க.

5. மேற்படி தேதியில் ஆரோக்கியதாஸ் ஆடிய சுற்றின் அட்டை, ஒன்று. குழிகள் 18, அடிகள் 67. எழுதியவர் கையொப்பம் உண்டு. ஆட்டக்காரர் கையொப்பம் உண்டு, சரிபார்த்த பின்.