ஆடு விரட்டிய குரல்

நாலு தோட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் நின்ற இடத்திலிருந்தே கூப்பிட்ட என் அம்மாவுக்கு,

இன்று காலையில் சென்னியப்பண்ணனின் வெள்ளாடுகளை எங்கள் பருத்திக்காட்டிலிருந்து விரட்டிவிட்டேன். கையில் குச்சி இல்லை. வாசலை விட்டு ஓர் அடிகூட நகரவில்லை. வெறும் குரல்தான். கிளுவை வேலியில் இருந்த சந்து போதாமல் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு அவை ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதனால்தான் குழந்தை தூங்கும் நேரம் பார்த்து எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆடு விரட்டியதற்கெல்லாமா கடிதம் என்று நீ கேட்பாய். ஆமாம், எனக்கு அது பெரிய சங்கதி. என் குரல் என்னை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. இன்றைக்குத்தான் திரும்பி வந்தது. முதலிலிருந்து சொல்கிறேன், கேள்.

எனக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா. பிறந்தது என்று சொல்வதா, எடுத்தார்கள் என்று சொல்வதா? கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் என் வயிற்றைக் கீறித்தான் அவளை எடுத்தார்கள். உள்ளே குறுக்கே கிடந்தாள். உன் வயிற்றில் தம்பி கிடந்த மாதிரியே.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். நீ இல்லாத அவிநாசி வீட்டில் யாரை நம்பிப் போவது? அதனால் கிணத்துக்கடவுப் பக்கம் இவர்கள் தோட்டத்து வீட்டிலேயே இருந்துவிட்டேன். வலி எடுத்ததும் மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மாறிவிட்டது. "குறுக்கால கெடக்குதுங்க" என்று என் மாமியாரிடம் மெல்லச் சொன்னாள்.

அத்தைக்கு உன் கதை தெரியும். அன்றைக்கு வண்டி கட்டலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசிப் பேசியே பொழுதைப் போக்கியதை நானே அவரிடம் சொல்லி அழுதிருக்கிறேன். அத்தை யாரையும் கேட்கவில்லை. "வண்டியப் பூட்டு கண்ணு. பேச்செல்லாம் பொறவு பேசிக்கலாம்" என்று தன் மகனை விரட்டினார். ரோட்டுக்குப் போய், பொள்ளாச்சியிலிருந்து வந்த பஸ்ஸை மறித்து ஏற்றினார்கள். உள்ளே இருந்தவர்கள் எழுந்து பின்பக்கம் முழுவதையும் எனக்கு விட்டுக் கொடுத்தார்கள். அதன் பிறகு வழியில் கை காட்டிய ஒருவருக்கும் டிரைவர் நிறுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் தித்திப்பும் நெடியும் கலந்த ஏதோ ஒரு மருந்தை மூக்கில் வைத்து, மூச்சை நன்றாக இழு என்றார்கள். இழுத்தேன். விழித்தபோது வயிற்றில் நெருப்பை வைத்துக் கட்டிய மாதிரி இருந்தது. குழந்தை எங்கே என்று கேட்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

அந்த ஆஸ்பத்திரி நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்க முடியவில்லை. சிரித்தால் வலி, இருமினால் உயிர் போய்த் திரும்பும், தும்மல் வரும்போல் இருந்தால் சாமியைக் கும்பிடுவேன். நர்ஸம்மா ஒரு தலையணையைக் கொடுத்து, இருமல் வந்தால் இதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொள் என்றார். நான் குழந்தையைவிட அந்தத் தலையணையைத்தான் அதிகம் அணைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா தினம் வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி என்னை ஒரே ஒரு கேள்வி கேட்பார். காற்றுப் பிரிந்ததா? வயிற்றைத் தைத்தவர்களுக்கு அது பிரிந்தால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தமாம், அதன் பிறகுதான் கஞ்சி கொடுப்பார்களாம். எனக்கோ வெட்கம். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டுவேன். என் காற்றுக்காக அந்த வார்டே காத்துக் கிடந்தது. கடைசியில் ஒரு நாள் அது நடந்தபோது, பக்கத்துக் கட்டில் காங்கேயத்து அக்கா நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஏனுங்க டாக்டரம்மா, இந்தப் புள்ளைக்குப் பிரிஞ்சுபோச்சுங்க, எங் காதால கேட்டனுங்க" என்று அறிவித்துவிட்டார். தலையணையைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அத்தையைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். வெந்நீரை வயிற்றில் அடித்து ஊற்றக் கூடாது. தான் பார்த்துச் சொல்லும்வரை துணி சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது. அத்தைக்கு அது பொறுக்கவே இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பிலும் வயிற்றிலும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, பழைய வேட்டியால் வரிந்து கட்டினால்தானே உடம்பு பழையபடி கூடும்? "கட்டாமப் போட்டா வவுறு பானையாட்டம் நின்னுக்குமே" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புலம்பினார்.

அந்த வயிறு எனக்கே அயலார் வயிறு மாதிரி இருந்தது, அம்மா. தொப்புளுக்குக் கீழே நெடுகச் சிவந்த ஒரு கோடு. அதன் இரண்டு பக்கமும் தொட்டால் தொட்டது தெரியவில்லை, மரத்துக் கிடந்தது. அதற்குமேல் தோல் தொளதொளவென்று தொங்கியது. நிமிர்ந்தால் தைத்த இடம் பிரிந்துவிடும் என்று பயந்து, கீழே விழுந்த ஊசியைத் தேடுகிறவள் போலக் குனிந்தே நடந்தேன். மார்பில் பால் மட்டும் கேட்காமலே வழிந்தது. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. இதையெல்லாம் யாரிடம் கேட்பேன்? உன் உடம்பும் என்னைப் பெற்றபோது இப்படித்தான் இருந்ததா?

இதெல்லாம் போகட்டும். குரல்தான் திரும்பவில்லை. முன்பெல்லாம் என் வீட்டுக்காரர் மேற்கோரத்துக் கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். நான் வாசலில் நின்று சோறு தயார் என்று ஒரு குரல் கொடுத்தால் அவரோடு சேர்ந்து மாடுகளும் நின்றுவிடும். இப்போது வாயைத் திறந்தால் பூனைக்குட்டி மாதிரி ஒரு கீச்சு. அது வாசலைக்கூடத் தாண்டாது.

மயக்க மருந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, மஞ்சள் போட்ட பால் என்று ஒன்று விடாமல் கொடுத்தார். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள், அத்தனையையும் விழுங்கினேன். தொண்டை வழவழவென்று ஆனதுதான் மிச்சம்.

இதில் நன்மை அடைந்தவர் ஒருவர் உண்டு. அடுத்த தோட்டத்துச் சென்னியப்பண்ணன். முன்பு அவருடைய ஆடு எங்கள் பக்கம் கழுத்தைத் திருப்பினாலே நான் கத்துவேன். இப்போது ஆடுகள் பாட்டுக்கு வந்து மேய்ந்துவிட்டுப் போயின. அவரோ வேலிக்கு அப்பால் நின்று, "ஏனுங்க அம்மிணி, சத்தமே காணமுங்களே, ஒடம்புக்குத் தேவலீங்களா?" என்று அக்கறையாக விசாரிப்பார். அந்த மனிதரோடு சண்டை போடவும் வழியில்லை, அவ்வளவு மரியாதை.

எல்லோரும் கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கிருந்த பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன். அன்றைக்கு நீ உள்ளே கத்திக்கொண்டிருந்தபோது நான் வெளியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நீ கத்துகிறவரை எனக்குப் பயமாக இல்லை. அம்மா இருக்கிறாள், அதனால்தான் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு உன் குரல் நின்றது. அதற்குப் பின்னால்தான் நீ போனாய். முதலில் குரல் போகும், பின்னாலேயே ஆளும் போகும் என்று அன்றிலிருந்து எனக்குள் எப்படியோ பதிந்துவிட்டது. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் இவளை எத்தனை நாளைக்குத் தூக்கப் போகிறேன் என்று நினைப்பு ஓடும்.

போன வாரம் காயத்தைக் காட்ட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அழுத்திப் பார்த்துவிட்டு, மேலேயும் உள்ளேயும் நன்றாகக் கூடிவிட்டது, இனிப் பயமில்லை என்றார். "அப்பறம் சத்தம் ஏனுங்க வரமாட்டீங்குது?" என்று அத்தை விடவில்லை. எங்கே, என்னைக் கூப்பிடு பார்ப்போம் என்றார் டாக்டரம்மா. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நான் கூப்பிடுவதைக் கேட்டார். கீச்சென்றது. "தொண்டையில ஒண்ணுமே இல்லையம்மா. கத்தணும்னா வயிறு இறுகணும். நீ பிரிஞ்சுடும்னு பயந்து அதை அசையவே விடமாட்டேங்கறே" என்று சொல்லிச் சிரித்தார்.

அத்தை அந்த இடத்திலேயே கேட்டார். "அப்படின்னா இப்பத் துணி கட்டலாமுங்களா?" தாராளமாகக் கட்டுங்கள், வயிற்றுக்குப் பிடிமானமாக இருக்கும் என்றார் டாக்டரம்மா. அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து துவைத்து மடித்த பழைய வேட்டியை எடுத்து, என்னைச் சுற்றவிட்டு வரிந்து கட்டினார். இத்தனை நாள் ஆசையையும் அந்த ஒரு முடிச்சில் தீர்த்துக்கொண்டார். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கட்டு விழுந்ததும் வயிற்றை யாரோ இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. முதுகு தானாக நிமிர்ந்தது.

இன்றைக்கு அத்தை சந்தைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரர் மேற்கோரத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பருத்திச் செடிகள் அசைந்தன. பார்த்தால் ஆடுகள். ஒன்றிரண்டல்ல, மந்தை முழுக்க. வேலிக்கு அந்தப் பக்கம் சென்னியப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஏனுங்க அம்மிணி, இப்ப ஒடம்புக்குப் பரவாயில்லீங்களா?" என்றார். ஒரு கிடா அவர் கண்ணெதிரிலேயே பூவும் பிஞ்சுமாக வளைத்துத் தின்றுகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் குழந்தையை ஒரு கையால் மார்போடு அணைத்தபடியே எழுந்துவிட்டேன். மற்றக் கையைக் கட்டின்மேல் வைத்தேன். காயம் கூடிவிட்டது, கட்டும் இருக்கிறது, இன்னும் எதற்குப் பயப்படுகிறாய் என்று என்னையே கேட்டேன். மூச்சை அடிவயிறு வரைக்கும் இழுத்தேன். "ஏனுங்ண்ணோவ், ஆட்டெ ஓட்டறீங்களா, இல்லெ நான் வரட்டுங்களா" என்று விட்டேன் பார், ஒரு குரல்.

வந்துவிட்டது, அம்மா. முழுசாக வந்துவிட்டது. சென்னியப்பண்ணனின் துண்டு கீழே விழுந்தது. ஆடுகள் வாயிலிருந்த இலையோடு ஓடின. மேற்கோரத்தில் மாடுகள் நின்றன. என்னமோ ஏதோ என்று அவர் வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்தார். நான் முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க நின்றார். "இன்னொருக்காக் கூப்புடு அம்மிணி" என்றார். பக்கத்தில் நிற்கிறவரை அத்தனை சத்தமாக நான் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. வயிற்றில் ஒன்றும் பிரியவில்லை. எதுவும் வலிக்கவும் இல்லை.

அப்போதுதான் கையில் குழந்தை இருப்பது எனக்கு உறைத்தது. இவ்வளவு கிட்டத்தில் இப்படிக் கத்தினால் வீரிட்டு அழுதிருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். பாலை விட்டுவிட்டு, கண்ணை அகலத் திறந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயெல்லாம் ஈறாகச் சிரித்தாள். காலை உதைத்துக்கொண்டு, இன்னும் கத்து என்கிறவள் மாதிரி என் வாயையே பார்த்தாள்.

அவளுக்கு இந்தக் குரல் புதிது இல்லையே, அம்மா. பத்து மாதம் உள்ளே இருந்தபடி இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தாள்? வெளியே எடுத்த நாளிலிருந்து அவள் கேட்டதெல்லாம் யாரோ ஒருத்தியின் கீச்சுக் குரல். என் மடியிலேயே படுத்துக்கொண்டு, என் பாலையே குடித்துக்கொண்டு, அவள் என்னைத் தேடியிருக்கிறாள். இன்றைக்குத்தான் அவளுக்கு அவள் அம்மா கிடைத்தாள்.

தேடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்றும் யாராவது தூரத்தில் உரக்கக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். உனக்கு நான் ஒன்றே ஒன்று வாக்குக் கொடுக்கிறேன். இந்த உடம்பை நன்றாகத் தேற்றிக்கொள்வேன், அம்மா. இவள் வளர்ந்து போதும் போதும் என்று காதைப் பொத்திக்கொள்கிற வரைக்கும் இவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
கூப்பிட்டால் இன்றும் ஓடி வந்துவிடக்கூடிய உன் மகள்,
நாச்சம்மாள்