குழாய்க்கு ஒப்பாரி

1945 செப்டம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருவது போல் இருட்டி, வராமல் ஏமாற்றிவிட்டது. இரண்டாம் பூசை.

கடைசி பெஞ்சில் ஆப்பிரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் சிலர். பர்மா சண்டை முடிந்து, ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருக்கிறார்களாம். விசுவாசப் பிரமாணம் பாடும்போது பின்னாலிருந்து ஒரு குரல். அதே லத்தீன், நாங்கள் மூக்கால் பாடும் அதே ராகம், ஆனால் அடிவயிற்றிலிருந்து. கோயிலே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. சாமியிடம் நன்மை அப்பம் வாங்கப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. பார்த்தேன்.

பூசை முடிந்ததும் வாசலில் கூட்டம். "காப்பிரி, காப்பிரி" என்று ஒரு வாண்டு அவர்கள் நிறத்தைக் கேலி செய்து கத்த, அதன் அம்மா சிரிக்கிறாள். பையன் காதைத் திருகினேன். அம்மா காதையும் திருகியிருப்பேன், எட்டவில்லை. பாடினவரிடம் போய் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். பெயர் இம்மானுவேல். சார்ஜென்ட். ஊரில் வாத்தியார் வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது பட்டாளத்தில் சேர்ந்தாராம். "நீங்களும் டீச்சரா? அப்படியானால் காதைத் திருகத்தான் செய்வீர்கள்" என்றார். நல்ல மனிதர்.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய் (கிடைத்தால்), சாக்பீஸ், ஊதா மை, கால்வாய்க்கரைக் கீரைக்காரி பட்டம்மாவின் மகளுக்கு ஓமவாட்டர்.

செப்டம்பர் 12, புதன்

பட்டம்மா மகளுக்கு வயிற்றுப்போக்கு நின்றது. மாதாவே, ஸ்தோத்திரம். ஆனால் என் வகுப்பில் கால்வாய்க்கரைப் பிள்ளைகள் பாதிப் பேர் இன்றும் வரவில்லை. எல்லோருக்கும் வயிறுதான்.

எல்லாம் அந்தக் குழாயால். சந்து முனையில் இருந்த ஒரே குழாய். குடத்துச் சண்டை சத்தம் தாங்கவில்லை என்று எதிர் பங்களாக்காரர்கள் எழுதிப்போட, குழாய் ஆபீஸ் ஆட்கள் வந்து பித்தளைத் தலையைக் கழற்றிக்கொண்டு, வாயில் மரக்கட்டை அடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து கரையில் பள்ளம் தோண்டி, ஊறுகிற கலங்கலைச் சிரட்டையில் மொண்டு குடிக்கிறார்கள். அது கால்வாய்த் தண்ணீர். கால்வாயில் என்னவெல்லாம் போகிறது என்று எழுத எனக்கே கூசுகிறது.

என் மனு மறுபடியும் திரும்பி வந்தது. "பரிசீலனையில்." எத்தனை அழகாக எழுதினேன். வாசித்தே இருக்க மாட்டான்.

பட்டம்மா கீரைக்கூடையோடு பள்ளிக்கூட வாசலில் நின்று கேட்டது: "இன்னா டீச்சரம்மா, காயிதம் போட்டியே, இன்னா சொல்றான்?"

"யோசிக்கிறாங்களாம், பட்டம்மா."

"யோசிக்கட்டும். அவன் வூட்ல குழாய் கீது."

ராத்திரி இன்னொரு மனு எழுத உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 16, ஞாயிறு

பூசை. வெயில். இம்மானுவேல் தனியாக வந்திருந்தார். பள்ளிக்கூடம் பார்க்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலி வகுப்பில் என்ன இருக்கிறது, ஆனாலும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கரும்பலகையைத் தொட்டுப் பார்த்தார். பட்டாளத்தில் இத்தனை வருஷம் பாரம் தூக்கினோம், பாலம் கட்டினோம், ஒருநாளும் சாக்பீஸ் பிடிக்கவில்லை என்றார்.

அப்படியே கால்வாய்க்கரைக்கும் கூட்டிப்போனேன். பெண்கள் முதலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பட்டம்மா மட்டும் இடுப்பில் கையை வைத்து ஏற இறங்கப் பார்த்து, "எங்க வூட்டுக்காரரு கலருதான். இதுக்கா ஊரே ஓடுது?" என்றது. நான் மொழிபெயர்த்ததும் அவர் சிரித்த சிரிப்பில் குடிசைக்குள் இருந்த சனமெல்லாம் வெளியே வந்துவிட்டது.

ஊற்றுக்குழியைக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. குனிந்து முகர்ந்து பார்த்தார். "இதற்குக் காரணமான மனிதனின் வீடு எங்கே என்று தெரியுமா?" என்றார். ஆபீஸ் தெரியும் என்றேன். "ஆபீஸ் இல்லை. வீடு."

பிறகு சொன்னார். அவர் ஊரில் பெண்களுக்கு ஒரு ஆண் அநியாயம் செய்தால், அது புருஷனானாலும் அதிகாரியானாலும், ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்களாம். சந்தைக்குப் போவதில்லை, சமைப்பதில்லை. அவன் செய்ததையெல்லாம் பாட்டாகக் கட்டி, அவன் காது கேட்கப் பாடுவார்கள். அவன் வெளியே வந்து தப்பை ஒப்புக்கொள்கிற வரையில் எழுந்திருப்பதில்லை. அம்மாவும் மற்றப் பெண்களும் கூட்டம் கூட்டமாகப் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அவர் அம்மா பனையெண்ணெய் விற்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. "வெள்ளைக்கார அதிகாரிகூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தான்" என்று சொல்லும்போது அந்த முகத்தில் எத்தனை பெருமை.

நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, பட்டம்மா தரையில் குந்திக் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில்: "அவங்க அம்மா நல்லாருக்கட்டும். நமக்கு ஏன் தோணாம போச்சு?"

எனக்கும் தோணாமல் போச்சு. மனு எழுதுவதிலேயே இருந்துவிட்டேன். இதையெல்லாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. ஆப்பிரிக்கா என்றால் சிங்கமும் ஆறும்தான் நான் இதுவரை சொல்லிக்கொடுத்தது.

செப்டம்பர் 18, செவ்வாய்

லேசான தூறல். வீட்டைக் கண்டுபிடித்தாயிற்று. குழாயை அடைக்கச் சொன்ன இன்ஜினியர் வீடு மாடவீதிக்குப் பக்கத்துத் தெரு. பட்டம்மா தினம் கீரை போடுகிற தெருவேதான்.

பங்குச் சாமியார் காதுக்கு விஷயம் எப்படியோ எட்டிவிட்டது. கூப்பிட்டனுப்பினார். "டீச்சர், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா இருக்கட்டும். போலீஸ் கீலீஸ்னு வந்தா நான் பொறுப்பில்லை." சரி சாமி என்றேன். எது சரி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பாட்டு எழுதினேன். அன்னை மாமரி பாட்டு மெட்டில், நல்ல தமிழில். "நீரின்றி வாடும் நெஞ்சங்கள் கேளீர்" என்று ஆரம்பம். எனக்கே பிடித்திருந்தது. சாயங்காலம் கரையில் சொல்லிக்கொடுத்தேன். "டீச்சரம்மா, இது கோயில்ல பாடுறதாட்டம் கீது. அவன் தூங்கிடுவான்" என்றாள் ஒருத்தி. பட்டம்மா அவளை அதட்டி, எனக்காக இரண்டு வரி பாடிக் காட்டியது. பாவம்.

பயமாக இருக்கிறது. வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதோடு விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 20, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

வியாழன் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வார விடுமுறை. காலையில் எல்லோரும் காலிக் குடத்தோடு இன்ஜினியர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தோம். தெருவில் கோலம் காயவில்லை. அதை மிதிக்காமல் சுற்றி உட்காருங்கள் என்று பட்டம்மா ஆளுக்காள் சொல்லிக்கொண்டிருந்தது.

என் பாட்டை ஆரம்பித்தோம். இரண்டாவது வரியிலேயே தடுமாற்றம். மூன்றாவது வரி ஒருவருக்கும் நினைவில்லை. நான் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருக்கிறேன். எதிர்வீட்டு மாடியில் சிரிப்பு. பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

அப்போது பட்டம்மா, தலையை முன்னால் சாய்த்து, பக்கத்திலிருந்தவள் தோளில் கையைப் போட்டது. இவர்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து பாடுவது ஒரே ஒரு பாட்டுதான், சாவு வீட்டில். வட்டமாக உட்கார்ந்ததும் வாய் தானாக அங்கே போய்விட்டது.

பித்தள மூக்கழகே - எங்க
பெத்த தாயி போலிருந்தே
நித்தம் குடம் நெறச்சே - இப்ப
நெஞ்சடச்சுப் போனதென்ன

மரக்கட்ட வாயில் வெச்சு - உன்ன
மண்ணுபோல ஆக்குனானே
அழுத புள்ள வாய் நனைக்க - எங்க
ஆருகிட்ட போவம் தாயே

அத்தனை பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்திக்கும் வரி மறக்கவில்லை, ஏனென்றால் வரியே அப்போதுதான் பிறந்துகொண்டிருந்தது. மாரில் அடித்துக்கொள்கிறார்கள். நிஜமான கண்ணீர். குழாய்க்காக ஆரம்பித்தது, போன வருஷம் காலராவில் போன பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. எனக்கும் அழுகை.

மாடியில் சிரிப்பு நின்றது. தெரு முனையிலிருந்து ஒரு போலீஸ்காரர் வேகமாக வந்தார். செத்தோம் என்று நினைத்தேன். வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாக, "பெரியவரா, சின்னவங்களாம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரும் ஓரமாக நின்றுவிட்டார்.

கதவு திறந்தது. இன்ஜினியர் வீட்டு மாமி. முகம் வெளுத்திருந்தது. உயிரோடு இருக்கிற மனுஷர் வாசலில் ஒப்பாரி என்றால் யாருக்குத்தான் வெளுக்காது. இதை நான் யோசிக்கவே இல்லை. இம்மானுவேல் ஊர்ப் பாட்டு இவ்வளவு தூரம் போகுமா தெரியவில்லை.

"யாருடீம்மா போயிட்டா? எங்காத்து வாசல்ல ஒக்காந்துண்டு எதுக்கு இப்படி அழறேள்? அவர் உள்ள பேப்பர் படிச்சிண்டிருக்கார், நன்னாதான் இருக்கார்."

பட்டம்மா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தது. "எங்க சந்துக் குழாய் செத்துப்போச்சு மாமி, நாலு மாசம் ஆவுது. ஐயாதான் வாயடச்சாரு."

"பட்டு, நீயா?" மாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "கார்த்தால கீரை போடற பட்டுவா?"

"நான்தான் மாமி."

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, வேறொன்று கேட்டார். மிகவும் தணிந்த குரல். "குழாய் இல்லேன்னா, அந்தக் கீரையை எந்தத் தண்ணியில அலம்பிண்டு வரே?"

பட்டம்மா ஒன்றும் மறைக்கவில்லை. "கால்வா ஊத்துலதான் மாமி. புள்ளைக்கும் அதான், கீரைக்கும் அதான். வேற எங்க போவேன்?"

மாமி ஒரு கணம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. உள்ளே பேச்சு. "நாலு மாசமா அதைத்தான் சாப்பிட்டிண்டிருக்கோம், தெரியுமா உங்களுக்கு?" என்பது மட்டும் தெருவுக்கே கேட்டது. அப்புறம், "நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லுங்கோ. வாசல்ல அழறவாளும் கொழந்தை பெத்தவாதான்."

இன்ஜினியர் வந்தார். மேல்துண்டு, கையில் இன்னும் பேப்பர். எங்களைப் பார்க்காமல் குடங்களைப் பார்த்துப் பேசினார். நாளைக்கே ஆள் அனுப்புகிறேன், முதலில் அந்த அழுகையை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார்.

"குழாய் பொழச்சா நாங்க ஏன் சாமி அழுவுறோம்" என்றது பட்டம்மா.

போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் கோபம் பாதி. மீதி, அடக்கிக்கொண்ட சிரிப்பு.

செப்டம்பர் 22, சனி

குழாய் வந்துவிட்டது. புதுப் பித்தளைத் தலை. குங்குமம் வைத்து, மாலை போட்டிருக்கிறார்கள். ஒருத்தி சிலுவையும் வரைந்திருக்கிறாள், எதற்கும் இருக்கட்டும் என்று. பங்குச் சாமியார் அந்த வழியே போனவர் நின்று, குழாயைத் திறந்து மூடிப் பார்த்து, "ம்" என்றார். அவ்வளவுதான். என் வேலை போகவில்லை.

ரேஷன் அரிசியெல்லாம் கல். ஊதா மை மறுபடியும் மறந்தாயிற்று.

செப்டம்பர் 23, ஞாயிறு

நல்ல மழை, பூசைக்கு நனைந்துகொண்டே. இம்மானுவேல் வந்திருந்தார். கப்பல் வந்துவிட்டது, நாளைக்குக் கிளம்புகிறார்கள்.

கரைக்குக் கூட்டிப்போனேன். பட்டம்மா விளக்கிய சொம்பில் குழாய்த் தண்ணீர் பிடித்து இரண்டு கையாலும் கொடுத்தது. அண்ணாந்து குடித்தார், சட்டையெல்லாம் நனைந்தது. வாசலில் நடந்ததைச் சொன்னேன். குழாய்க்கு ஒப்பாரி என்றதும் முட்டியில் அடித்து அடித்துச் சிரித்தார். பிறகு சொம்பைக் கீழே வைத்தார்.

நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவர் ஊரில் அப்படி உட்காரப் போன ஒரு நாள், வெள்ளைக்கார சர்க்காரின் பட்டாளம் வந்து பெண்கள்மேல் சுட்டது. அம்மா வீடு திரும்பினார். அம்மாவின் தங்கை திரும்பவில்லை. உடம்பைக்கூடக் கொடுக்கவில்லையாம். வீட்டில் சத்தமாக அழக்கூடப் பயம். "இந்த உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் நான் அம்மா முன்னால் போய் நிற்க வேண்டும்" என்று தன் காக்கிச் சட்டையைக் காட்டினார்.

இதைத் தெரிந்திருந்தும் அந்த வழியை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாரே. எத்தனை பெரிய மனசு.

என்ன சொல்கிறார், என்ன சொல்கிறார் என்று பட்டம்மா என் கையைப் பிடித்து உலுக்கியது. சொன்னேன்.

"அந்தச் சித்தி பேரு இன்னான்னு கேளு."

ஊகோம்மா.

"எங்க ஆளு பேராட்டம் கீது" என்றது. திரும்பிப் பார்த்து மற்றவர்களைக் கூப்பிட்டது. "வாங்கடி. குழாய்க்கே அழுதோம். இவளுக்கு அழ மாட்டமா?"

குடிசை இறவாரத்தின் கீழே நெருக்கியடித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். தோள்மேல் கை.

கடல் தாண்டிப் பொறந்தவளே - எங்க
கண்ணு காணாப் பொறந்தவளே
கூடக் குந்திப் பாட வந்தே - ஊகோம்மா
குண்டு வந்து சாச்சதென்ன

இம்மானுவேல் தொப்பியைக் கழற்றினார். மழையில் இறங்கி, சேறு என்று பார்க்காமல், வட்டத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை அவருக்குப் புரிந்திருக்காது. பெயர் வரும் இடம் மட்டும் புரிந்தது. ஒவ்வொரு முறை பெயர் வந்தபோதும் அவரும் சேர்ந்துகொண்டார், அந்தக் குரலில்.