தேர்வுக்கு வைத்த நெஞ்சு

மார்ச் 4

ஆஸ்பத்திரியிலிருந்து போன். நாளை மறுநாள் மறுபடியும் நான்தான் கேஸ். இதய மருத்துவம் படித்து முடிக்கும் டாக்டர்களுக்குச் செய்முறைத் தேர்வு. சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கிடக்க ஓர் ஆள் வேண்டும். ஆறு வருடமாகப் படுக்கிறேன். என் மைட்ரல் வால்வு சரியாக மூடாது. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் ரத்தம் வந்த வழியே திரும்பும். அப்போது ஒரு சத்தம். பேராசிரியர் அதை ‘அழகான சத்தம்’ என்பார். என்னிடம் உள்ள வேறெதையும் யாரும் அழகு என்று சொன்னதில்லை. அதனால் போகிறேன்.

வீட்டில் நானும் அக்காவும்தான். அவள் கேட்டாள்: “எல்லாரும் தனக்கு உடம்பு சரியில்லைன்னு டாக்டர்கிட்ட போறாங்க. நீ டாக்டருக்குச் சரியில்லைன்னு போறியாடா?”

மார்ச் 5

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். கழற்றத்தான்.

மார்ச் 6

இன்று என் பங்குக்கு மூன்று பேர்.

முதலாமவன் டை கட்டியிருந்தான். இதயம் இருக்கும் என்று அவன் நம்பிய இடத்தில் என் காலை உணவு இருந்தது. பொறுக்க முடியாமல், “மைட்ரல், கசிவு” என்று முணுமுணுத்தேன். அதையே பேராசிரியரிடம் கண்ணை மூடி, நெடுநேரம் யோசித்தவன் மாதிரிச் சொன்னான். தேறினான்.

இரண்டாமவன் என் தொழிலைக் கேட்டான். இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தேன் என்றதும் தன் பாலிசியைப் பற்றிச் சந்தேகம் கேட்டான். விளக்கினேன். வால்வையும் சேர்த்து விளக்கினேன். தேறினான்.

மூன்றாவதாக ஒரு பெண்மணி. நாற்பது இருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை தவறியவள். வார்டு ஊழியர்கள் வைத்த பெயர் ‘மூணாந்தடவை’. பாவமே என்று நான் வாயைத் திறக்க, “சொல்லாதீங்க சார், ப்ளீஸ்” என்றாள். பத்து நிமிடம் கேட்டாள். நெஞ்சில், முதுகில், பிறகு கழுத்தில். கழுத்து நாடியில் விரலை வைத்துக்கொண்டு, “படி ஏறும்போது தலை சுத்துதா? கண் இருட்டுதா?” என்றாள்.

இந்தத் தலைசுற்றல் என் தாளில் கிடையாது. கேஸ்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாள் தருவார்கள். ஆறு வருடத்துக்கு முன் அடித்த தாள். ‘மூச்சு வாங்கும். மயக்கம் இல்லை.’

இல்லை என்றேன்.

பேராசிரியரிடம் அவள் இரண்டு சத்தம் சொன்னாள். தெரிந்தது ஒன்று, இன்னொன்று அயோர்ட்டிக் வால்வில், சுருக்கம். பேராசிரியர் ஸ்டெதஸ்கோப்பை மாலை மாதிரிப் போட்டிருந்தார். மாலையை யாராவது காதில் வைப்பார்களா? தாளைப் பார்த்தார். ஒரே சத்தம்தான், அங்கேயும் போய்க் கேட்கிறது என்றார். இல்லை சார், இது கழுத்துக்கு ஏறுகிறது, தன்மையே வேறு என்றாள். அவர் என் பக்கம் திரும்பினார்.

“தலைசுத்தல் உண்டா ஐயா?”

“இல்லைங்க.”

“பாத்தியாம்மா. பேஷண்டே இல்லைங்கிறார்.”

தவறிவிட்டாள். இனி ஜூனில் ஒரு வாய்ப்பு. அதுதான் கடைசியாம்.

மார்ச் 7

தலை சுற்றியது உண்டு. ஜனவரியில் இரண்டு முறை, மாடிப்படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பசி என்று நினைத்தேன் — நினைக்க முடிவு செய்தேன்.

முப்பது வருடம் என் வேலை என்ன? வியாதியை மறைத்து விண்ணப்பம் எழுதியவர்களைக் கண்டுபிடிப்பது. எத்தனை விதவைகளுக்கு ‘உண்மையை மறைத்த காரணத்தால்’ என்று கடிதம் எழுதியிருப்பேன். நேற்று நானே மறைத்தேன். தாளில் இல்லையே என்பதாலா?

சும்மா எழுதாதே. அழகான சத்தத்தில் இன்னொன்று கலந்துவிட்டது என்று ஒருத்தி சொன்னது பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 15

அவள் சொன்னது தப்பு. தப்பு என்று ஒரு காகிதம் வாங்கிவிட்டால் தூக்கம் வரும். வேறு ஆஸ்பத்திரியில் எக்கோவுக்கு, இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேனுக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 19

எக்கோ எடுத்தவன் முதலில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். பாதியில் நிறுத்திவிட்டான். அப்போதே தெரிந்தது.

அயோர்ட்டிக் வால்வு: கடுமையான சுருக்கம். மெஷினுக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று. அவளுக்குப் பத்து.

மார்ச் 20

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“அந்தப் பொம்பளைய ஃபெயில் பண்ணினது அந்த ஆள் இல்லடா. நீ.”

மார்ச் 24

பேராசிரியரைப் பார்த்தேன். நான் பொய் சொன்னேன், அந்த டாக்டர் சொன்னதே சரி என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார். மார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது, இனி கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது என்றார். கடவுள் வந்தால் அவருக்கும் ஒரு தாள் கொடுத்துப் படுக்க வைப்பார்கள்.

எக்கோ ரிப்போர்ட்டை மட்டும் இரண்டு முறை படித்தார். முகம் மலர்ந்தது. ஆறு வருடத்தில் முதல் முறையாக என் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ரொம்பத் தெளிவாகக் கேட்கிறதாம். கேட்டால் கேட்கும்.

பிறகு என் பழைய தாளை எடுத்து ‘இரண்டு சத்தங்கள்’ என்று திருத்தித் தன் கையெழுத்தைப் போட்டார். ஆபரேஷன் அவசியம்தான், ஆனால் ஜூன் தேர்வு முடியட்டுமே என்றார். “ரெண்டும் ஒரே நெஞ்சுல கிடைக்கிறது அபூர்வம் ஐயா. அந்தம்மாவுக்கே உங்களை ஒதுக்கிடறேன். கண்ண மூடிக்கிட்டுப் பாஸ் பண்ணிடும்.”

சரி என்றேன். அவளுக்குச் செய்த அநியாயத்துக்குப் பரிகாரம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அபூர்வம் என்ற சொல் காதில் இனித்துக்கொண்டிருந்ததை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 20

தபால் ஆபீஸ் படியில் விழுந்தேன். நெற்றியில் நாலு தையல். அக்கா அழவில்லை என்கிறாள். கண் சிவந்ததற்கு வெங்காயம் காரணம் என்றால், அன்று சமையலே நடக்கவில்லை.

ஏப்ரல் 22

மூணாந்தடவை வீட்டுக்கு வந்தாள். அக்கா காரியம், ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுத் தேடிப் பிடித்திருக்கிறாள். அந்தப் பெயரை இனி எழுதக் கூடாது. டாக்டர் வந்தார்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஜூன் வரை காத்திருக்கப் போகிறீர்களாமே என்றார். உங்களுக்காகத்தான் என்றேன், என்னை ஒதுக்கியிருக்கிறார்கள், விடை தெரிந்த கேள்வி, கடைசி வாய்ப்பு என்றெல்லாம் அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டார். அவருக்கு அது ஒரு கெட்ட பழக்கம்.

“எனக்கு வேற கேஸ் கிடைக்கும் சார். உங்களுக்கு வேற நெஞ்சு கிடைக்காது. இந்த வாரமே அட்மிட் ஆகுங்க.”

“வர்ற கேஸ் கஷ்டமா இருந்தா?”

“இருந்தா இருக்கட்டும். கேட்டுப் பாப்பேன்.”

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தால், “தங்களுக்கு நேர்ந்த இழப்புக்கு வருந்துகிறோம்” என்று வந்தது. முப்பது வருடப் பழக்கம். டாக்டர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. “இவன் சாகிறப்பகூட நகல் இணைச்சிருக்கேன்னுதான் சொல்வான்” என்றாள்.

ஏப்ரல் 28

நாளை ஆபரேஷன். சர்ஜன் பிளாஸ்டிக் இதயத்தைக் கழற்றிக் காட்டினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. அக்கா மாட்டிக்கொடுத்தாள்.

மே 20

எழுத முடிகிறது. ஒரு வால்வு புதுசு, ஒன்று பழுது பார்த்தது. பேராசிரியர் வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். சத்தம் ஒன்றுமே கேட்கவில்லையாம். துக்கம் விசாரிக்கும் குரல்.

ஜூன் 18

டாக்டர் தேறிவிட்டார். நான் இல்லாத தேர்வில், வேறு யாருடைய நெஞ்சிலோ. “நம்ம டிபார்ட்மெண்ட் பொண்ணாச்சே” என்றாராம் பேராசிரியர். மார்ச்சில் யார் வீட்டுப் பெண் என்று கேட்க ஆசைதான். சிரித்தால் இன்னும் நெஞ்செலும்பு வலிக்கிறது.

ஜூன் 30

மறுபரிசோதனை. இரண்டு அறைகள். பேராசிரியர் அறை வாசலில் ஐந்து பேர், சீக்கிரம் சீக்கிரமாக நகர்ந்தார்கள். டாக்டர் அறை வாசலில் முப்பது பேர், நகரவே இல்லை. அங்கே உட்கார்ந்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். பேனாவைத் திறந்து, முதல் முறை பார்ப்பவர் மாதிரி ஆரம்பத்திலிருந்து கேட்டார்.

“மூச்சு வாங்குதா?”

“வாங்குது.”

“எப்போ?”

“இப்ப இங்க வர்றப்போ. நடுப்படியில ஒரு தடவை உக்காந்துட்டேன். செருப்பு வாரை சரி பண்ற மாதிரி.”

நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுதிக்கொண்டார்.