ஜெலஸும் ஸெலஸும்

ஏனுங்க,

போன இடத்தில் சௌகரியமாக இருக்கிறீர்களா? இங்கே நியூ டவுனில் மழை விட்டுவிட்டது. பூங்காவில் பாதியை அடைத்துத் துர்கா பூஜோ பந்தலுக்கு மூங்கில் நட்டிருக்கிறார்கள். நீங்கள் உட்காரும் பெஞ்சு தப்பித்தது. வாசலில் கிடக்கும் உங்கள் செருப்பை எடுத்து வைக்கச் சொல்கிறான் நம் மகன் கார்த்தி. இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கிருக்கும் தமிழ்க்காரர்கள் போடும் மலரில் உங்களுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். "சாரைப் பத்தி நாலு நல்ல வார்த்தை எழுதுங்கம்மா" என்றார்கள். நல்ல வார்த்தையை உங்கள் ஆபீஸ்காரர்கள் எழுதுவார்கள். நான் என் மனசில் கிடப்பதை எழுதுகிறேன்.

எனக்குப் பொறாமை. நீங்கள் போன பிறகும் அது போகவில்லை.

கொல்கத்தா வந்து கிடர்பூர் குவார்ட்டர்ஸில் இருந்த காலமெல்லாம், போர்ட் ஆபீஸிலிருந்து வந்தால் நீங்கள் பேசுவதே கொஞ்சம். தண்ணி வந்துச்சா, பையன் சாப்பிட்டானா, அவ்வளவுதான். நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிலருடைய சுபாவம் அப்படி என்று நானும் இருந்துவிட்டேன். ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் பால்கனியில் துணி காயப்போடும்போது கீழேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. யாரென்று எட்டிப் பார்த்தால் நீங்கள். பக்கத்தில் ரீனாதி.

படிக்கிறவர்களுக்கு ரீனாதியைத் தெரியாது. எதிர் பிளாக்கில் தனியாக இருக்கும் பெங்காலி அம்மா, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டில் இருக்கும் பேத்திக்குப் போனில் பாட்டுக் கட்டிச் சொல்வதற்காக, ஒரே சத்தத்தில் முடியும் இங்கிலீஷ் வார்த்தைகளையும் அவற்றின் அர்த்தத்தையும் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தாராம். நீங்கள் எட்டிப் பார்த்து இன்னொரு வார்த்தை சொன்னீர்களாம். அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. அவர் 'ரெயின்' என்பார், நீங்கள் 'பெயின்' என்று சொல்லி அர்த்தமும் சொல்ல வேண்டும். வார்த்தை கிடைக்காமல் மாட்டிக்கொண்டவர் லால் சா, அதுதான் பால் விடாத டீ, வாங்கித் தர வேண்டும். காலையில் வாக்கிங் என்று கிளம்பிப் போய் நீங்கள் நடந்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

"அப்படி என்னங்க சிரிப்பு?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கோம், டூம், பாம். எழுத்து பார்த்தா ஒரே மாதிரி முடியும், சொன்னா சேராது. சீப்பு, கல்லறை, வெடிகுண்டு. அதுல ஒரு வேடிக்கை. உனக்குச் சொன்னாப் புரியாது, விடு" என்றீர்கள்.

சீப்பும் கல்லறையும் வெடிகுண்டும் எனக்கு ஏன் புரியாது? அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை. அந்த 'விடு' என்னை எவ்வளவு நாள் அறுத்தது தெரியுமா?

மத்தியானம் நீங்கள் தூங்கும்போது போனை வாயருகே வைத்து ஒரு வார்த்தை சொல்லித் தேடினேன். 'ஜெலஸ்'. அதற்கு ஒத்த சத்தமாக 'ஸெலஸ்' என்று வந்தது. அர்த்தம் பார்த்தேன், ஒன்றில் மிகுந்த ஆர்வம் உள்ளவர் என்று போட்டிருந்தது. ஒரே சத்தம். நான் முதலாவது, நீங்கள் இரண்டாவது. சாயங்காலம் உங்களிடம் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். காபியைக் குடித்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டீர்கள். நானும் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு காலையில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

உங்களை ஹாலில் கிடத்தியிருந்தோம். நான் கல்லாட்டம் உட்கார்ந்திருந்தேன். ரீனாதி வந்தார், உங்கள் முகத்தைப் பார்த்தார், அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். வந்தவர்கள் தண்ணீர் கொண்டுபோய் அந்தம்மாவுக்குக் கொடுத்தார்கள், அந்தம்மாவின் முதுகைத் தடவினார்கள். எனக்கு வரவேண்டிய அழுகையையும் சேர்த்து அவரே அழுகிறாரே என்று இருந்தது எனக்கு. அந்த நேரத்திலும் ஒருத்திக்கு அப்படித் தோன்றுமா?

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து, ஒரு டப்பா சந்தேஷ் மிட்டாயோடு ரீனாதி வீட்டுக்கு வந்தார். நாங்கள் பேசுவது பெங்காலியில். நான் அவருக்குப் பௌதி, அதாவது அண்ணி; நீங்கள் தாதா, அண்ணன்; அவர் எனக்குத் தீதி, அக்கா. கிடர்பூர் சந்தையில் கற்ற என் பெங்காலி அதற்குப் போதும்.

"பௌதி, அடுப்பு, இடுப்பு" என்றார் எடுத்த எடுப்பில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடுப்புன்னா உனுன், இடுப்புன்னா கொமொர். சரியா?"

தினமும் நீங்கள் இரண்டாவது காபி கேட்கும்போது, "அடுப்பைப் பார்க்கவா, என் இடுப்பைப் பார்க்கவா" என்று நான் எரிந்து விழுவேனே, அது அந்தம்மா வாயில் இருந்தது.

"உங்க பாஷையில ரெண்டாவது எழுத்துலயே ரைம் வந்துடுமாமே. தாதா சொல்வார், 'நாமெல்லாம் போனைப் பார்த்துத் தேடறோம், எங்க வீட்டுல கோபத்துலகூடத் தானா வரும்'னு. நான் எப்ப ஜெயிக்கிற மாதிரி இருந்தாலும் உங்க பேச்சு ஒண்ணை எடுத்துப் போடுவார். அர்த்தம் தெரியாம நான்தான் டீ வாங்குவேன்."

சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தம்மா லிஃப்ட் ஏறுவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என் சமையலறையில் நான் பேசியதை எடுத்துக்கொண்டு போய் அங்கே சிரித்திருக்கிறீர்கள். பேசினவள் முன்னால் சிரித்தால் என்ன? 'நல்லாச் சொன்ன' என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் மூன்றாவது காபியும் போட்டிருப்பேனே?

இப்போது காலையில் நானும் பெஞ்சுக்குப் போகிறேன். ரீனாதி பாவம், தனியாக இருக்கிறார் என்று கார்த்தியிடம் சொல்லியிருக்கிறேன். நிஜத்தைச் சொல்கிறேன், அந்தம்மா அங்கே தனியாக உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் உட்கார்ந்த பக்கம் நான் உட்காருகிறேன். அவர் இங்கிலீஷ் சொல்கிறார், நான் தமிழ் சொல்கிறேன். நல்ல மனுஷிதான். அதுவும் ஒரு எரிச்சல்.

போன வாரம் டீ குடித்துக்கொண்டே கேட்டார். "பௌதி, உங்க போன் வந்தா தாதா குரலே மாறிடும். எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய், 'சொல்லு புல்லா'ன்னு ஆரம்பிப்பார். புல்லான்னா என்ன? எங்க ரொஷொகொல்லாவோட நல்லாச் சேருது."

குரல் மாறுமா? தள்ளிப் போவீர்களா? இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு, கொத்தமல்லி வாங்கி வரச் சொன்னவளுக்கு அது எப்படித் தெரியும்?

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"அதுக்கு அர்த்தமெல்லாம் ஒண்ணும் கிடையாது தீதி. ஹலோ மாதிரி" என்றேன்.

"ஓ, அப்படியா" என்று டீயைக் குடித்தார்.

நல்லவேளை, அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிறவர்கள் யாரும் போய் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம். அடுப்பும் இடுப்பும் அவரிடமே இருக்கட்டும். கேட்டால் இன்னும் எத்தனையோ சொல்லித் தருகிறேன், அர்த்தத்தோடு. நீங்கள் என்னைக் கூப்பிட்ட அந்த ஒன்றை மட்டும் யார் கேட்டாலும் தரமாட்டேன். அது எனக்கு வேண்டும். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் புள்ள
நியூ டவுன், கொல்கத்தா