எம்.பி.க்குச் சொல்லிக்கொடுத்த வசனம்

ஞாயிறு, 2 ஓகஸ்ட்

வெயில். லண்டனில் இதுவே ஒரு செய்தி. கோயிலில் தேர். என் வேலை மோர்ப் பந்தலில் கப் பொறுக்குவது. பாதியில் கோயில் தலைவர் என் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"தம்பி, எம்.பி. வந்திருக்கிறார். தமிழில ஒரு வசனம் சொல்லிக் குடும். வாழ்த்து எண்டால் காணும்."

சொல்லிக்கொடுத்தேன். வாழ்த்து அல்ல. ஆங்கில எழுத்தில் அட்டையில் எழுதி, ஒப்புவிக்கவும் வைத்தேன். பாவம், நல்ல மாணவர்.

தேருக்கு முன்னால் மைக்கைப் பிடித்து எம்.பி.: "பிள்ளையளின்ர படிப்புக்கு நான் பொறுப்பு!"

சனம் ஒருவரையொருவர் பார்த்தது. பிறகு "அரோகரா!" எம்.பி.க்கு முகமெல்லாம் பல்.

என் கூட்டாளி சேந்தனுக்குச் சிரித்த சிரிப்பில் மோர் மூக்கால் வந்தது. அவனுக்காகத்தான் செய்தேன். அவன் சிரித்து எவ்வளவு காலம்.

திங்கள், 3 ஓகஸ்ட்

மழை. நேற்றைய வெயிலுக்கு வட்டி.

சேந்தனும் அவன் அம்மா வசந்தி அன்ரியும் லண்டன் வந்து நாலு வருடம். அன்ரிக்கு ஹவுன்ஸ்லோவில் முதியோர் பராமரிப்பு வேலை. திட்டம் இது: அடுத்த கோடையோடு ஐந்து வருடம், நிரந்தர வதிவிடம், உள்ளூர்க் கட்டணம், அரசாங்கக் கடன், பல்கலைக்கழகம். இப்போது அந்த ஐந்தைப் பதினைந்தாக்க அரசாங்கத்தில் பேச்சு. ஆக்கினால் சேந்தன் வெளிநாட்டு மாணவன். கட்டணம் எங்கேயோ போகும், கடனும் கிடையாது.

வதிவிடம் இல்லை, வதைவிடம் என்றேன். சேந்தன் சிரிக்கவில்லை.

இதில் பெரிய பகிடி: கொமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் அவனுக்கு வாக்கு உண்டு. பதினாறு வயதிலேயே தரப்போகிறார்களாம். நாட்டை ஆள ஆளைத் தெரிவுசெய்யலாம். அதே நாட்டில் படிக்க ஏலாது.

கோலாலம்பூரில் இருக்கும் அவன் மாமா தன் செலவில் அங்கே படிக்க வைக்கிறேன் என்கிறார். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். பிந்தினால் கல்லூரியில் இடம் போய்விடும்.

செவ்வாய், 4 ஓகஸ்ட்

சேந்தன் வீடு. அன்ரி கேசரி கிண்டியிருந்தார்.

"இனி மலேசியா வேண்டாம். எம்.பி.யே பொறுப்பெண்டு சொல்லிட்டார்."

சேந்தன் என்னைப் பார்த்தான். நான் கேசரியைப் பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"அன்ரி, அது நான் எழுதிக் குடுத்தது. பகிடிக்கு. என்ன சொல்றார் எண்டு அவருக்கே தெரியாது."

"நீ எழுதினாய், சரி. வாய் ஆரின்ர வாய்? அம்மன் தேரில இருக்கேக்க சொன்ன சொல். இனி மாத்த ஏலாது."

"அம்மா, விசாச் சட்டம் அம்மன்ர கையில இல்லை," என்றான் சேந்தன்.

"வாயைக் கழுவடா."

எனக்கு இன்னும் ஒரு கரண்டி வைத்தார். சேந்தனின் தட்டுக்குத் தள்ளினேன்.

வியாழன், 6 ஓகஸ்ட்

காற்று. குடை முறிந்தது.

கோயில் தலைவரிடம் போனேன். நீங்கள் சொன்னால் அன்ரி கேட்பா என்றேன்.

"விடும் தம்பி. சனத்துக்கு ஒரு சந்தோசம். வீடியோவைக் கனடாவிலயும் பாக்கினமாம்."

எம்.பி. அலுவலகத்துக்கு மின்னஞ்சல். உடனே பதில். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமாம். இயந்திரத்துக்கு என் மேல் என்ன பாசம்.

சனி, 8 ஓகஸ்ட்

மப்பு வானம். எம்.பி. தொகுதி ஆட்களைச் சந்திக்கும் நாள். நூலகத்தின் பின்னறை. அன்ரி பட்டுச்சேலை, கையில் ஒரு பெட்டி வடை. மூன்றுபேரும் போனோம்.

"என்ர இங்கிலீஷ் மருந்து குடுக்கவும் குளிக்க வாக்கவும்தான் காணும். நீ சொல்லு."

சொன்னேன், அந்த வசனத்தின் கதையைத் தவிர எல்லாவற்றையும். எம்.பி. நல்ல மனிதர், அதுதான் கரைச்சல். கவனமாகக் கேட்டார். இன்னும் ஆலோசனையில்தான் இருக்கிறது, அமைச்சருக்கு எழுதுகிறேன், ஆனால் எந்த உறுதியும் தர முடியாது என்றார். வாழ்க்கையில் முதல்தடவை ஒரு குறும்பும் கலக்காமல் மொழிபெயர்த்தேன்.

"அவரால ஒண்டும் ஏலாதாம் அன்ரி."

"அது இங்கிலீஷில. தமிழில சொல்லச் சொல்லு."

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் தமிழ் என்ற சொல் எம்.பி.க்கு விளங்கிவிட்டது. எழுந்தார். கோட்டை இழுத்துவிட்டார். அட்டை இல்லை, பிழையும் இல்லை.

"பிள்ளையளின்ர படிப்புக்கு நான் பொறுப்பு."

அன்ரி கும்பிட்டார். வடையை மேசையில் வைத்துவிட்டு, சேந்தனையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பின்தங்கி, அதன் பொருளை எம்.பி.யிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். பல் மறைந்தது. கதவைப் பார்த்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

பஸ். அன்ரி முன் சீட்டில், போன் வாயருகே, கோலாலம்பூருக்குக் குரல் செய்தி.

"அண்ணை, உங்களுக்குக் கோடி புண்ணியம். இவன் இங்கையே படிப்பான். அந்த இடத்தை வேற பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுங்கோ."

சேந்தன் போனுக்குக் கை நீட்டினான். பிறகு மடக்கிக்கொண்டான்.

மாமா கேட்டுவிட்டார்: நீலச் சரி இரண்டும் விழுந்தன.