அண்ணனுக்குக் கொடுத்த பாஸ்வேர்டு

ஜூலை 14, திங்கள்

விடாத தூறல். துவைத்த சுடிதார் மூன்றாம் நாளாகக் காயவில்லை. ஈரத்தோடே அயர்ன் போட்டு உடுத்திக்கொண்டு ஆபீஸ். வாங்க வேண்டியது: குடை, கொத்தமல்லி, சார்ஜர்.

பத்து மணிக்கு ஹெல்ப்லைனில் ஒரு பெண். சுமதி. சொந்த ஊர் கௌதள்ளி. நர்சிங் முடித்துவிட்டு இங்கே மைசூரில் ஹாஸ்டலில் தங்கி ஒரு கிளினிக்கில் வேலை. எங்கள் வேலைவாய்ப்புத் தளம் வழியாகப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மனுப் போட்டிருந்தாள். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் கணக்கிலிருந்தே ‘வர விருப்பமில்லை’ என்று பதில் போயிருக்கிறது.

"நான் அதை அழுத்தவே இல்லீங்கக்கா. எங்கண்ணனாத்தான் இருக்கோணும். மைசூர்ல இருந்தது போதும், ஊருக்கு வந்துருன்னு ஒரு மாசமா ஒரே பாட்டு."

அண்ணனுக்கு பாஸ்வேர்டு எப்படிக் கிடைத்தது? கம்ப்யூட்டரில் தேடினேன். போன வாரம் ரீசெட் ஆகியிருக்கிறது. செய்து கொடுத்தது நான்.

ஞாபகம் வந்துவிட்டது. நாள் முழுக்கக் கன்னடத்தில் பேசி ஓய்ந்திருந்த நேரம், ஓர் ஆண் குரல். "தங்கச்சி கணக்குங்க. பாஸ்வேர்டு மறந்துட்டு அழுதுட்டு இருக்கறாளுங்க." பிறந்த தேதி கேட்டேன். டக்கென்று சொன்னார். கூடப் பிறந்தவருக்குத் தெரியாதா என்ன! "நீங்களும் நம்ம பக்கமுங்களா?" என்றதில் உருகிப்போய், புது பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். எனக்கு ராமாபுரம், கௌதள்ளிக்குப் பக்கத்து ஊர். எங்கள் பக்கத்துத் தமிழ் காதில் விழுந்தால் மூளை லீவு போட்டுவிடும்.

ஆஸ்பத்திரிக்கு போன் செய்து கெஞ்சினேன். வெள்ளி பதினோரு மணிக்கு இன்னொரு வாய்ப்பு என்று அவள் கணக்குக்கே அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு கிடையாதாம். சுமதி உடனே பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். கொடுத்தது நான்தான் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மழை இல்லை. குடை வாங்கியாகிவிட்டதே, எப்படி வரும்.

மறுபடியும் சுமதி. "வெள்ளிக்கிழமைன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சுங்கக்கா. போகாதேன்னு மெசேஜ் போட்டிருக்காரு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலீங்க."

பாஸ்வேர்டு மாற்றிய பிறகுமா?

புரோகிராம் எழுதும் பையன் மஞ்சுவை இழுத்து உட்கார வைத்தேன். ஒரே கணக்கு, இரண்டு போன். என் போனில் பாஸ்வேர்டை மாற்றினேன். மஞ்சுவின் போன் அசையவில்லை. எல்லாம் தெரிகிறது, பதிலும் போடலாம். வாசல் பூட்டை மாற்றிவிட்டு, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

"அய்யோ, நிஜானா மேடம்?" எழுதிய மஞ்சுவுக்கே அதிர்ச்சி.

நான் ரீசெட் செய்தபோதும் இதே கதைதான். சுமதியின் போன் லாகின் ஆனபடியே இருந்திருக்கிறது. சந்தேகமே வந்திருக்காது அவளுக்கு. இந்தப் பக்கத்தைச் சோதித்து ‘சரி’ போட்ட புத்திசாலி யார்? டெஸ்டிங்கும் நான், ஹெல்ப்லைனும் நான்.

செய்ய வேண்டியவை:
– மாற்றும்போது பழைய பாஸ்வேர்டைக் கேட்பது (இப்போது கேட்பதே இல்லை!)
– மாற்றியதும் மற்ற போன், கம்ப்யூட்டர் எல்லாவற்றிலும் லாக்அவுட்
– ‘பாஸ்வேர்டு மாறியது’ என்று சொந்தக்காரருக்குத் தகவல்
– மறந்துபோனால் அவர் நம்பருக்கே லிங்க். ஒரு தடவைதான் செல்லும், கொஞ்ச நேரம்தான்
– ஆபீசில் யாரும் ரீசெட் செய்ய முடியாதபடி அந்த பட்டனையே தூக்குவது. முக்கியமாக நான்.

ஜூலை 16, புதன்

மேனேஜர் சார் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தமிழில் கன்னட ‘ரீ’ ஒட்டிக்கொண்டே வரும். "எல்லாரையும் வெளிய தள்ளினா போன் மேல போன் வரும்ரீ. அடுத்த மாசம் பாக்கலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும் சார். அவ அண்ணனுக்கு பாஸ்வேர்டு கொடுத்தது நான்தான்."

சொல்லிவிட்டேன். வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்றுகூட யோசித்துவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிறந்த தேதி கேட்டீங்களா?"

"கேட்டேன் சார்."

"அப்ப நீங்க ரூல்படிதான் செஞ்சிருக்கீங்க. ரூலே சரியில்லரீ. நாளைக்கே போடுங்க."

பாத்ரூமில் போய் ஒரு நிமிடம் அழுதேன். அதே தைரியத்தில் சுமதிக்கும் போன் செய்து சொன்னேன். "எங்கண்ணன் பேசினா யாரா இருந்தாலும் குடுத்துருவாங்கக்கா. நல்லாப் பேசுவாரு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 17, வியாழன்

பன்னிரண்டு மணிக்கு மாற்றம் தளத்தில் ஏறியது. எல்லாரும் ஒரு தடவை லாக்அவுட். மஞ்சு நாலு போனில் பார்த்தான், நான் ஆறு தடவை. சுமதிக்கு லிங்க் போய், புது பாஸ்வேர்டு வைத்துவிட்டாள். அவள் போன் தவிர வேறெதுவும் உள்ளே இல்லை. கண்ணால் பார்த்தேன். அப்பாடா.

சார் சொன்னபடியே போன் மேல போன். சாயங்காலம் தொண்டை கட்டிவிட்டது. மிளகுப் பால்.

ஜூலை 18, வெள்ளி

ஆஷாட வெள்ளி, நம் ஆடி வெள்ளி மாதிரி. சாமுண்டி மலைக்குப் போகும் கூட்டத்தில் பஸ் கிடைக்காது, எட்டு மணிக்கே கிளம்பு என்று சுமதிக்குச் சொல்லியிருந்தேன்.

பத்தரைக்கு அதே குரல். "அக்கா, தங்கச்சி கணக்கு தொறக்க மாட்டேங்குதுங்க. போன தடவ நீங்கதானுங்களே எடுத்துக் குடுத்தீங்க?"

கெட்ட மனுஷன் குரலாக இல்லை. அதுதான் கஷ்டம்.

"இனிமே எங்களால முடியாதுங்கண்ணா. அவங்க நம்பருக்குத்தான் போகும்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "இன்டர்வியூக்குப் போயிட்டாளுங்களா?"

"அதை அவங்ககிட்டயே கேளுங்கண்ணா."

"கேட்டாச் சொல்லுவாளுங்களா?"

"கணக்குக்குள்ள போய்ப் பாக்காம, போன் பண்ணிக் கேட்டுப் பாருங்க" என்றேன். வைத்துவிட்டார்.

நாலு மணிக்கு சுமதி. ஒரே மூச்சில் பேச்சு. "எடுத்துக்கிட்டாங்கக்கா! ஒண்ணாந்தேதியிலிருந்து வரச் சொல்லிட்டாங்க. ‘சம்மதம்’னு நானே அழுத்திட்டேன். அப்புறம் அண்ணன் கூப்புட்டாரு."

"என்ன சொன்னார்?"

"பஸ்ல கூட்டமா இருந்துச்சா, உக்கார எடம் கெடச்சுதான்னு கேட்டாருங்கக்கா. வேற ஒண்ணுமே கேக்கல."