சூசோக் படையலைக் கவிழ்த்தவர் மன்னிப்புக் கேட்க வேண்டி

அனுப்புநர்
ஜெ. கேசியா, த/பெ. ஜெபகுமார்,
கொரிய மொழிபெயர்ப்பாளர்,
நீலவேணி அடுக்ககம், வரதய்யபாளையம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருப்பதி.

பொருள்: அறுவடைத் திருநாள் வழிபாட்டில் இருந்த கொரியப் பெண்மணியை அவமதித்து, அவர் வீட்டுத் தண்ணீரையும் நிறுத்திய அடுக்ககச் சங்கச் செயலாளர் மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் சித்தூரில் பிறந்தவள். தெலுங்கு பேசுவேன், எழுத வராது. ஆகவே தமிழில் எழுதி, தெலுங்கு மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கொரியப் பொறியாளர்களுக்கு மொழிபெயர்ப்பது என் வேலை. அவர்களில் ஒருவரான திரு. ஓ அவர்களும் அவர் மனைவி திருமதி ஹான் அவர்களும் எங்கள் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறார்கள்.

2. சூசோக் கொரியர்களின் அறுவடைத் திருநாள். புது அரிசியில் பலகாரம் செய்து, முன்னோர் படத்தின் முன் படைத்து, விழுந்து வணங்கியபின் எல்லோருமாகச் சாப்பிடுவார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. திருமதி ஹான் தம் தந்தைக்கு ஒரே மகள். தந்தை கடந்த மார்ச்சில் இறந்தபோது, இவர் அறுவை சிகிச்சை முடிந்து இங்கே படுக்கையில் இருந்தார். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதன்பின் வந்த முதல் சூசோக் இது.

3. பொதுக்கூடத்தில் விழா நடத்தச் செயலாளர் திரு. விஜயராகவன் சம்மதித்து, சாவியையும் தம் கையாலேயே கொடுத்தார். ஊரார் மனம் கோணக்கூடாதென்று திருமதி ஹான் படையலில் அசைவம் வைக்கவில்லை. மதுவுக்குப் பதில் தேநீர் ஊற்றி வைத்தார். எதிர்வீட்டுச் செங்கமலம் அம்மாள் தம் இட்லிப் பானையைக் கொடுத்து, எள்ளும் வெல்லமும் வைத்த பிறைவடிவக் கொழுக்கட்டைகளை உடனிருந்து அவித்துக் கொடுத்தார். பைன் இலை பரப்பி அவிப்பது அவர்கள் வழக்கம். அது இங்கே கிடைக்காததால் வாழையிலை பரப்பினோம். வாசனை நன்றாக இருக்கிறது, அப்பாவுக்குப் பிடிக்கும் என்று திருமதி ஹான் சிரித்தார்.

4. அக்டோபர் 6 அன்று காலை அவர் நெற்றி தரையில் பட வணங்கிக்கொண்டிருந்தபோது திரு. விஜயராகவன் இருவருடன் உள்ளே வந்தார். "இன்னாமா, பேய்க்குப் படையல் போட்டுக்கினு கீறீங்க? நாலு குடும்பம் பொழைக்கிற எடம் இது" என்று கூறி மேசை விரிப்பைப் பிடித்து இழுத்தார். படைத்ததெல்லாம் தரையில் விழுந்தது. படத்தின் கண்ணாடி உடைந்தது. இதே கூடத்தில் இரண்டு வாரம் முன்பு, மகாளய அமாவாசைக்குத் தம் தகப்பனாருக்குப் படையலிட்டவர் இவர். அன்று அந்தச் சாப்பாட்டை நானும் கைநீட்டி வாங்கிச் சாப்பிட்டேன்.

5. இவர் என்ன சொல்கிறார் என்று திருமதி ஹான் என்னிடம் கேட்டார். சொல்வது என் தொழில், சொன்னேன். கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கியபடியே, "அது பேய் இல்லை, என் அப்பா என்று அவரிடம் சொல்லுங்கள்" என்றார். அதையும் தமிழில் சொன்னேன். திரு. விஜயராகவன் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

6. அன்று மாலை முதல் அந்த வீட்டுக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. மாத இறுதிக்குள் காலி செய்யும்படி அறிவிப்பும் ஒட்டப்பட்டது. இதற்கெல்லாம் கிறிஸ்தவளான நான்தான் காரணம், மதம் மாற்றுகிறேன் என்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதியிருக்கிறார். நான் பழைய மிஷன் சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் படையல் போடும் வழக்கமே இல்லை. முன்னோருக்குப் படையல் போடவைத்து மதம் மாற்றும் கிறிஸ்தவளை ஐயா எங்கேனும் கண்டதுண்டா?

7. எங்கள் நிறுவனமோ அனுசரித்துப் போகச் சொல்கிறது. எனக்கு ஆறாதது இதற்குப் பிறகு நடந்ததுதான். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கணவர் களைத்துப்போனதைப் பார்த்த திருமதி ஹான், மீண்டும் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு என்னையும் அழைத்துச் செயலாளர் வீட்டு வாசலுக்குப் போனார். தெரியாமல் உங்கள் ஊர் வழக்கத்தை மீறியிருந்தால் மன்னியுங்கள் என்று குனிந்து சொன்னார். எந்த வழக்கத்தை அவர் மீறினார்? ஆனால் அந்த மன்னிப்பைத் தமிழில் சொன்ன வாய் என்னுடையது. செயலாளர் தட்டைக்கூட வாங்காமல் கதவைச் சாத்தினார்.

8. ஆகவே தண்ணீரை உடனே விடவும், காலி செய்யும் அறிவிப்பை ரத்து செய்யவும் ஐயா உத்தரவிட வேண்டும். அத்துடன் திரு. விஜயராகவன் திருமதி ஹானின் தந்தை படத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்கச் செய்ய வேண்டும். அவருக்குக் கொரிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஒரு சொல் விடாமல் நான் மொழிபெயர்த்துச் சொல்கிறேன்.

நீதியை எதிர்நோக்கும்,
ஜெ. கேசியா

இடம்: வரதய்யபாளையம்
நாள்: 13.10.2025